தாணுமாலயன் வாங்கிய சிவப்பு விமானம்

அந்தச் சிவப்பு விமானத்தை எதற்காக வாங்கினார் என்பதைத் தாணுமாலயன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி லட்சுமிப்ரியா கேட்டபோது, "சும்மா, ஒரு பொழுதுபோக்குக்கு" என்றார்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பதினெட்டு வருடமாகப் பழுது பார்த்து வந்தவர் அவர். தாழக்குடியில் வீடு. எண்பது மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு சாவகாசமாகச் சாயா குடிக்கிற ஆள் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். போன மாசியில் அப்படி ஓர் உச்சியில் வைத்துத்தான் அவருக்கு முதன்முதலாகத் தலை சுற்றியது. வானம் கீழே வந்தது, மலை மேலே போனது. கண்களை இறுக மூடி, ஏணிப்படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கினார். உட்காதில் கோளாறு என்றார் டாக்டர். கம்பெனி அவரைக் கீழே, கணினித் திரைகளைக் கவனிக்கும் அறையில் உட்கார வைத்தது.

ஆடி பிறப்பதற்குள், எல்லாம் குணமாகிவிட்டது என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டார். குணமாகவில்லை. சட்டென்று திரும்பினால் இன்னும் சுவர் சாய்ந்தது. ஐப்பசியில் காற்று ஓய்ந்ததும் பழுதுவேலை தொடங்கும், மறுபடி ஏறவேண்டும். இருவர் இருவராகத்தான் ஏறுவார்கள். அவருக்கு ஜோடி சத்தியராஜ். மேலே ஒருவன் தடுமாறினால் மற்றவன்தான் பிடிக்கவேண்டும்.

நாகர்கோவிலில் ஒரு மைதானத்தில் சிலர் ரிமோட் விமானம் ஓட்டுவதைப் பார்த்தபோது அவருக்குள் ஓர் எண்ணம் புகுந்தது. ஆகாயத்தில் அது புரள்வதை அண்ணாந்து பார்த்தபடி தலை சுற்றாமல் ஓட்டிவிட்டால், தனக்கு ஒன்றுமில்லை.

அந்த விமானங்களை விற்கும் யோவானின் கடைக்குப் போனார். யோவான் மேசைமேல் ஒன்றை எடுத்து வைத்தார். வெள்ளைத் தெர்மோகோல் உடம்பு, முதுகின்மேல் அகலமான இறக்கை, மூக்கில் சின்ன விசிறி. பார்க்கச் சப்பென்று இருந்தது.

"மொதல்ல ஓட்டப் படிக்கவங்களுக்கு இதாக்கும் அண்ணாச்சி. மெதுவாப் போவும். கைய எடுத்தாலும் தன்னால நேராவிரும்."

தாணுமாலயன் அலமாரியைக் காட்டினார். "அந்தச் செவப்பு?"

"அது வேண்டாம். இறக்கை அடியில இருக்கு, பாத்தியளா? வேகம் கூடுதல். நீங்க ஒரு நிமிசம் தெகைச்சா அது தலைகீழாப் போவும். எதுத்து வரும்போ இடது வலதாயிரும், வலது இடதாயிரும். பழகுன கைக்கே கொழம்பும்."

தன்னால் நேராகிற விமானம் எதை நிரூபிக்கப்போகிறது?

"அதைத்தான் தாரும்" என்றார்.

யோவான் வெள்ளை விமானத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "நான் தரமாட்டேன் அண்ணாச்சி. வெள்ளைய எடுங்க, ஞாயித்துக்கெழம நானும் கூட வாரேன்."

வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த தாணுமாலயன், பேருந்து நிறுத்தத்தில் நின்றே அதே சிவப்பு விமானத்தைப் போனில் ஆர்டர் செய்தார்.

கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து வயல்கள் வெறும் அறுதாளாகக் கிடந்த ஒரு காலையில் லட்சுமிப்ரியாவைக் கூட்டிக்கொண்டு போனார். வடக்கே தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பி வேகம் எடுத்திருந்தன. இந்தக் காற்றில் கோபுரத்தில் ஏற யாரையும் அவர் விட்டிருக்க மாட்டார்.

"காத்து இப்பிடிக் கெடக்கே, நாளைக்குப் பாத்துக்கிடலாமே?" என்றாள் அவள்.

"ஒண்ணும் செய்யாது. நீ அந்த வரப்புல நின்னு படம் எடு."

கையால் வீசினார். விமானம் சீறிக்கொண்டு ஏறியது. அரை நிமிடம் அது அவர் சொன்னபடி கேட்டது. ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் வாய்விட்டுச் சிரித்தார். திருப்பினார். அது அவரை நோக்கி வந்தது. காற்று ஓர் இறக்கையைத் தூக்கியது. அவர் ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ள, அது மறுபக்கம் சரிந்து லட்சுமிப்ரியா நின்ற வரப்பை நோக்கித் திரும்பியது. நிமிர்ந்து அதைத் துரத்திய கண்ணோடு வயலும் சேர்ந்து சுழன்றது. வானம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மோட்டாரை நிறுத்த ஒரு விரல் அசைந்தால் போதும். அந்த விரல் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அப்படியே அறுதாளின்மேல் விழுந்தார்.

லட்சுமிப்ரியா ஓடவில்லை. கணவர் ஓட்டுகிறார், கடைசி நொடியில் திருப்பிவிடுவார் என்று போனைப் பிடித்தபடியே நின்றாள். கடைசி நொடியில்தான் வலது கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கினாள்.

விசிறி மணிக்கட்டில் பாய்ந்தது.

நாகர்கோவிலில் இரண்டரை மணி நேரம் அறுவை செய்து நரம்பைச் சேர்த்தார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முழுதாக மடங்காது என்றார் டாக்டர். அவள் ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் தன் கைக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை.

"நீங்கோ ஏன் விழுந்தியோ?"

அவர் சொன்னார். மாசியிலிருந்து நடந்தது முழுவதையும்.

அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "ஐப்பசில மேல வச்சு இது வந்திருந்தா, சத்தியராஜு என்ன ஆவான்?"

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய், இனி ஏறமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் சத்தியராஜிடம் சொன்னார். அவன் கேட்டுவிட்டு, குடித்துக்கொண்டிருந்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். மார்கழி வரை அவரோடு பேசவில்லை.

இப்போது அவருடைய இடது காது மெல்லக் கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது. இனி நோய் கூடத்தான் செய்யும் என்று டாக்டரும் சொல்கிறார். சில நாட்களில் சோற்றுக்கு உட்காரும்போதே தலைசுற்றல் வந்துவிடுகிறது. "ஏட்டி, வருது" என்கிறார் உடனே. லட்சுமிப்ரியா வந்து, மூன்று விரல்கள் மட்டும் மடங்கும் கையால் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது போகும் வரை நிற்கிறாள்.