பீடோர் நத்தைகளும் கால்சியப் புரதமும்

நான் வேலை செய்யும் கட்டடத்திலேயே இதமான அறை நத்தைகளுடையது. தாழ்வாரத்தில் பேராசிரியரே கம்பளிக் கோட்டோடு நடக்கும் இங்கிலாந்துக் குளிரில், அந்த அறைக் கதவைத் திறந்தால் மட்டும் மலேசியாவில் என் ஊர்ப்பக்கமான பேராக்கின் வெப்பக் காற்று முகத்தில் அடிக்கும். தொட்டிகளில் உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தைகள் லெட்டூஸ் இலையும் சுண்ணாம்புக் கட்டியும் தின்று வளர்கின்றன. நம் தோட்டங்களில் உப்பைக் கொட்டிக் கொல்வோமே, அதே நத்தைகள்தாம். என் ஆராய்ச்சி பற்றிச் சொன்னபோது, நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிபட்டது கால்சியம் என்ற சொல் ஒன்றுதான். எலும்பில் ஏதோ குறை என்று எண்ணி, மறுநாள் முதல் எனக்குக் காலையில் ஒரு பெரிய கோப்பைப் பால் வைக்கத் தொடங்கினார். மறுக்க வெட்கப்பட்டு இரண்டு மாதம் குடித்தேன்.

நரம்புச் செல் ஒன்று செய்தி அனுப்பும்போது கால்சியம் அதற்குள் பாய்கிறது. அளவு மீறினால் செல் செத்துவிடும். அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைக்கச் சில புரதங்கள் இருக்கின்றன. கோழியின் மூளையிலும் எலியின் மூளையிலும் பார்த்திருந்தார்கள். முதுகெலும்பில்லாத நத்தைக்கும் உண்டா என்பதே என் கேள்வி. புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தை மூளைச் சீவல்மேல் ஊற்றினால், அந்தப் புரதம் இருக்கும் செல் பழுப்பாகத் தெரிய வேண்டும். ஓராண்டு ஊற்றினேன்; ஒரு செல்கூட நிறம் மாறவில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு எலிக்கு மாறிவிடலாம் என்று பேராசிரியர் அன்பாகவே சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தொட்டியில் பிறந்து, பாதி நாள் ஓட்டுக்குள் தூங்கும் இவற்றின் நரம்பு என்ன வேலை செய்திருக்கும்? மழையில் நனைந்து, மரமேறி, இரை தேடும் நத்தையைப் பார்க்காமல், நத்தைக்கு அந்தப் புரதம் இல்லை என்று எழுத மாட்டேன் என்றேன். மூன்று வாரம் விடுப்பு கிடைத்தது.

அப்படிப்பட்ட நத்தைகளை நான் பத்து வயதிலேயே அறிவேன். பேராக்கில் பீடோருக்கு அருகே நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் அம்மா மரத்தில் பால் வெட்டுவார். மழை விட்டதும் நத்தைகள் மரத்தில் ஏறி, அதில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடியும் பாலைக் குடிக்கும். பள்ளி விடுமுறையில் அவற்றைப் பொறுக்கி எறிவது என் வேலை. ஒருநாள் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வாளிக்குள் செத்துக் கிடந்த அதைக் கண்ட கங்காணி, பாலையெல்லாம் தரையில் கொட்டி அம்மாவை எல்லோர் முன்னும் ஏசினார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இந்த முறை நான் போனபோது பாதித் தோட்டம் ரப்பர் போய், எண்ணெய் தரும் செம்பனையாகியிருந்தது. ஈப்போவில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி பரீதா, விடுமுறையில் மூடிக் கிடந்த பள்ளி ஆய்வுக்கூடத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கித் தந்தாள். விடிந்ததும் அம்மாவும் நானும் நத்தை பொறுக்கினோம். வாளியோடு தாப்பா வழியாகப் பேருந்தில் ஈப்போ போய்ச் சேர்ந்தால், வெயிலில் அத்தனையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அசைவற்றிருந்தன.

"எல்லாம் தூங்கிடுச்சு லா. உன் இங்கிலாந்து நத்தை மாதிரியே ஆயிடுச்சு," என்றாள் பரீதா.

மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் அதே கதை. நான்காவது முறை நத்தையை ஈப்போவுக்குக் கொண்டுபோகவில்லை. கத்தரிக்கோல்களையும், மூளையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினையும் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தொழிலாளர் லயத்து வீட்டில் அம்மாவின் சாப்பாட்டு மேசைதான் ஆய்வுக்கூடம். ஊர்ந்துகொண்டிருக்கும்போதே எடுத்து, சில நிமிடங்களுக்குள் மூளையை அறுத்தெடுக்க வேண்டும். முதல் ஓட்டைச் சுத்தியலால் மெல்லத்தான் தட்டினேன்; அது உடையவில்லை. அம்மா சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

"நான் ஒடைக்கறேன், நீ அறு. இதக் கொன்னு என்னாத்தப் பாக்கப் போற?"

நம் மூளையில் இருக்கும் ஒரு சத்து இதன் மூளையிலும் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

அம்மா மேசைமேல் கொம்பு நீட்டி ஊர்ந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தன வருசமா தூக்கிப் போட்டனே, இப்புடி யோசிச்சதே இல்ல. சரி, பாரு. பாதியில விட்டுட்டு வராத."

ஐந்து காலைகளில் நாற்பது மூளைகள் சேர்ந்தன. உரிய அனுமதிக் கடிதத்தோடு, சிறு குப்பிகளில் விமானம் ஏறின.

திரும்பி வந்து ஊற்றிய முதல் சீவலில் நுண்ணோக்கிக்குக் கீழே ஏழு செல்கள் பழுப்பாக நின்றன. ஏழே ஏழு. நான் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், அங்கேயே இருந்தன. பேராசிரியர் நெடுநேரம் பார்த்தார். மருந்து ஊற்றாத சீவலைக் கேட்டார். அதில் நிறமே இல்லை. இன்னும் பத்து மூளைகளில் செய்யச் சொன்னார். செய்தேன். அதே இடத்தில் அதே செல்கள். எலிப் பேச்சு அதன்பின் எழவில்லை.

கட்டுரையின் நன்றிப் பகுதியில் அம்மாவின் பெயரைச் சேர்த்தேன். அவர் எந்த ஆய்வு நிறுவனம் என்று பேராசிரியர் கேட்டார். ரப்பர் நிறுவனம் என்றேன். ரப்பர் ஆராய்ச்சி நிலையமா என்று மதிப்போடு தலையசைத்தார். இல்லை, பால் வெட்டுகிறவர் என்று விளக்கியபோது அவர் முகம் சிவந்தது. பெயரும் தோட்டத்து விலாசமும் அப்படியே இருக்கட்டும் என்றார். அச்சாகிவிட்டது.

போன வாரம் அண்ணனின் கையெழுத்தில் அம்மாவின் கடிதம் வந்தது. மிச்ச மரங்களையும் சாய்த்துவிட்டார்களாம்; லயத்தைக் காலி செய்து அண்ணனோடு ஈப்போவுக்கு வந்துவிட்டாராம்; இனி அந்த விலாசத்துக்கு எழுதாதே என்றிருந்தார். பதில் கடிதத்தின் உறையில் ஈப்போ முகவரியை எழுதி, இந்நாட்டு ராணியின் தலை போட்ட தபால்தலையை ஒட்டினேன். பிறகு மிச்ச மூளைகளிலிருந்து இந்த மாதம் சீவியவற்றை எடுத்து, அவற்றை ஒட்டிய ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும், எங்கிருந்து வந்தது என்ற இடத்தில், இல்லாமல் போன அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதத் தொடங்கினேன்.