சிற்றலை ஊமையான மதியம்

இன்று மதியம் மலாக்கா காஜா பெராங்கில் உள்ள என் ரேடியோ கடைக்கு, உஜோங் பாசிர் பகுதி அக்கா ஒருவர் தன் ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, நாகப்பட்டினத்துல புயலாம். அம்மா அங்க தனியா இருக்காங்க. மெர்டேக்கா, நாட்டுக்கு சுதந்திரம் கெடச்சப்ப வாங்குன பெட்டி, செய்தி நேரத்துல ஊமையாயிடுச்சி."

கடையில் இருந்த பெட்டிகளிலும் சிற்றலை வரவில்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்குக்கா. சூரியன்ல ஏதாச்சும் வெடிச்சிருக்கும், அப்ப சிற்றலை கேக்காது. அந்த வெடிப்பப் பாக்கவே இப்ப மேல செயற்கைக்கோள் விட்டிருக்காங்க."

அக்கா என்னையே பார்த்தார்.

"அவ்வளவு தூரத்துல சூரியன் வெடிக்கிறத பாக்குறாங்க. எங்கம்மா இருக்காங்களான்னு பாக்க முடியாதா?"

அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அலை திரும்பியபோது செய்தி முடிந்திருந்தது. மாலைச் செய்தியில் நாகப்பட்டினத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அங்கிருந்து யாருக்காவது தந்தி வந்திருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள். அக்கா இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.