தயிர் வாளியும் இருபது தோட்டாக்களும்

டொரொன்டோவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம், ஒரு பேக்கரிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் தகரக் கதவுக் கடைகளில் கடைசிக் கடை பாலேஸ்வரியுடையது. பெயர்ப்பலகையில் 'பி. ஜே. பிரிசிஷன்' என்று மட்டும் போட்டிருக்கும். உள்ளே நடப்பது துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் வேலை. வேட்டைக்காரர்களின் பழைய துவக்குகளுக்குத் தேய்ந்த பாகங்களைச் செய்து போடுவாள். கடைகளில் கிடைக்காத தோட்டாக்களை அளவெடுத்துச் செய்து கொடுப்பாள். அதற்கான அனுமதிப் பத்திரங்கள் எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகின்றன, சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே.

கோவிலில் யாராவது விசாரித்தால் அவள் கணவர் ஜெயரட்ணம், "மனுசி பார்ட்ஸ் செய்யிறா" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்துக்கொள்வார். பொய் சொன்னதாகவும் ஆகாது, மேற்கொண்டு பேசவும் வேண்டியதில்லை. துவக்குச் சத்தம் கேட்டு ஊரை விட்டு ஓடிவந்த சனத்துக்கு நடுவே இந்தத் தொழிலை விளக்குவது லேசில்லை. பாலேஸ்வரிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. "நான் பயந்து ஓடினது துவக்குக்கு இல்லை, அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவனுக்கு" என்பாள்.

மிசிசாகாவில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவள் அவள். மயிரிழையைப் பத்தாகப் பிளந்து அளக்கச் சொன்னாலும் அளப்பாள். ஒருநாள் முதலாளிமார் தொழிற்சாலையை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். கூட வேலை செய்த ஒருவன் தன் தாத்தாவின் துவக்குக்கு ஒரு சின்ன ஆணி செய்து கேட்டான். செய்து கொடுத்தாள். அவன் இன்னொருவனைக் கூட்டி வந்தான். பிறகு முறையாகப் படித்தாள், பரீட்சை எழுதினாள், கடை போட்டாள். இப்போது ஐம்பத்தாறு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஜெயரட்ணம் குசினிச் சமையலைப் பொறுப்பெடுத்துவிட்டார். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

போன ஒக்டோபரில் றெபேக்கா வந்தாள். டொரொன்டோவில் பிறந்த பிள்ளை. வடக்கே எட்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் டிம்மின்ஸ் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பின்லாந்துக் குடும்பத்தில் கலியாணமும் செய்துகொண்டவள். கொண்டு வந்த நீளப் பெட்டியில் அவளுடைய மாமனாரின் துவக்கு இருந்தது.

"அன்ரி, மாமாக்கு எண்பத்தொரு வயசு. மூஸ் மான் சுடுற அனுமதிக் குலுக்கல்ல பதினொரு வருசத்துக்குப் பிறகு இப்பதான் அவரின்ரை பேர் விழுந்தது. இதுதான் என்ரை கடைசி வேட்டை எண்டு சொல்லுறார். தன்ரை துவக்கு இல்லாட்டில் போகவே மாட்டாராம். ஆனா, there's no ammo for it. மூண்டு கடையில தோட்டா செய்து தரமாட்டம் எண்டிட்டாங்கள்."

குழாயில் தோட்டாவின் அளவென்று ஒரு எண் வெட்டியிருந்தது. பாலேஸ்வரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "குழாயில எழுதினதை நம்பிறதும் கலியாணத் தரகர் சொல்லுறதை நம்பிறதும் ஒண்டுதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தோட்டா அமரும் அறையை அவளே அளந்தாள். நினைத்தது சரி. கிழவரின் இளவயதில் எவனோ கெட்டிக்காரச் சிநேகிதன் அந்த அறையைத் தன் மனம்போல் அகலமாக்கியிருந்தான். அந்த அளவில் உலகத்தில் எந்தக் கொம்பனியும் தோட்டா செய்வதில்லை. அதுவரை செய்து கொடுத்துவந்த சிநேகிதனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"இருபது செய்து தாறன். வேட்டை துவங்கிறதுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வாரும்."

செய்யும் வழி ஒன்று உண்டு. கிட்டத்தட்ட அதே அளவிலுள்ள வேறு தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதை, அதாவது உறையை, எடுத்து, கொஞ்சம் வெடிமருந்து போட்டு, அதன் மேல் கோதுமைக் குறுணலை நிரப்பி, மெழுகால் வாயை அடைத்து, அந்தத் துவக்கிலேயே வைத்து மணல் பெட்டிக்குள் சுட வேண்டும். குண்டு இல்லாத வெடி. குறுணல் அழுத்தும் அழுத்தத்தில் கோது வீங்கி, அறையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். இந்த ஊர்க்காரர் இதற்குக் காலைக் கஞ்சிக்கான குறுணல் பெட்டி வாங்குவார்கள். பாலேஸ்வரியும் முதல் தடவை ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உது எங்கடை ரவையெல்லோ!" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தமிழ்க் கடை ரவைதான். ஈரம் போக ஜெயரட்ணம் வறுத்துக் கொடுப்பார். அதை ஒரு தயிர் வாளியில் போட்டு வைப்பாள்.

அங்கேதான் சனி பிடித்தது. தமிழ் வீட்டுத் தயிர் வாளிக்குள் தயிரைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். மிளகாய்த்தூள், மிஞ்சின சாம்பார், ஊசி நூல், எல்லாம் ஒரே வெள்ளை வாளி, ஒரே நீல மூடி. அது நவராத்திரிக் காலம். கோவில் வாணி விழாவுக்கு முந்நூறு ரவை லட்டு செய்து தருவதாக ஜெயரட்ணம் வாக்குக் கொடுத்திருந்தார். வியாழன் இரவே ரவையை வறுத்து, அரைத்த சீனியும் ஏலக்காயும் கலந்து, நான்கு தயிர் வாளிகளில் நிரப்பி மேசையில் வைத்துவிட்டார். கடைக்கென்று வெறும் ரவை நிரப்பிய பாலேஸ்வரியின் வாளியும் அதே மேசையில் நின்றது.

வெள்ளி காலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். பன்னிரண்டு தோட்டாக்கள் ஏற்கெனவே முடிந்திருந்தன. எட்டுத்தான் பாக்கி. முதல் வெடி நன்றாக வந்தது. இரண்டாவது வெடியில் ஏலக்காய் மணத்தது. மனுசன் சமைத்த மணம் தன் உடுப்பில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவதில் கோது கொஞ்சம் இழுபட்டு வந்தது. நான்காவது வெடித்த பிறகு, குழாயின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் போல்ட் அசைய மறுத்துவிட்டது.

இழுத்தாள். தட்டினாள். எண்ணெய் விட்டாள், பிறகு கடையில் இருந்த எல்லாக் கழுவும் திரவங்களையும் விட்டாள். ஒரு மணித்தியாலம் போயிற்று. சுத்தியலைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். கைபிடி உடைந்தால் இந்தத் துவக்குக்கு மாற்று எங்கே வாங்குவது? பத்தொன்பது வருடத்தில் ஒரு விமானத்துக்கும் வராத பிழை. ஒரு கிழவரின் கடைசி வேட்டையைக் கெடுத்தவள் என்ற பெயரோடு இனி இந்த மேசையில் எப்படி உட்காருவது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

போன் அடித்தது. ஜெயரட்ணம். குரலில் நெருப்பு.

"இஞ்சாரும், என்ரை ரவையை என்ன செய்தனீர்? லட்டு உருளுதில்லை. வாயில போட்டால் மண் மாதிரிக் கிடக்கு. சீனி போட்டதெல்லாம் எங்கை போச்சுது?"

பாலேஸ்வரி பக்கத்தில் இருந்த வாளிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். தித்தித்தது.

"இஞ்சாருங்கோ, நான் உங்கடை லட்டை வெடி வைச்சிட்டன்."

"திராட்சைப் பிளம்ஸ் இன்னும் போடேல்லை. அதெண்டாலும் தப்பிச்சுது" என்றார் ஜெயரட்ணம். அவள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "எண்ணெயோ விட்டனீர்? பாகு அடிப்பிடிச்ச சட்டிக்கு ஆரும் எண்ணெய் விடுவினமே? சுடுதண்ணியை ஊத்தி வையும். நான் வாறன்" என்று போனை வைத்தார்.

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. துவக்கை வாய் மேலே பார்க்க இடுக்கியில் நிறுத்தி, புனல் வைத்து ஊற்றினாள். ஆறியதும் கவிழ்த்துக் கொட்டினாள். தேநீர் நிறத்தில் வந்தது. இரண்டாவது கெட்டிலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே றெபேக்கா நின்றாள். பக்கத்தில் நெடிய ஒரு கிழவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"அன்ரி, அதுக்குள்ளை தேத்தண்ணியோ போடுறீங்கள்?"

சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கிழவர் அவளைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பது போல ஆவி பறக்கும் தன் துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலேஸ்வரிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. வாளி, சீனி, ஏலக்காய், இறுகிய போல்ட் எல்லாவற்றையும் சொன்னாள். றெபேக்கா ஆங்கிலத்தில் மாமனாருக்குச் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது கெட்டிலும் உள்ளே போனது. பத்து நிமிடம் ஊற விட்டாள். பாலேஸ்வரி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு போல்ட்டைப் பிடித்தாள். முதலில் முரண்டியது, பிறகு ஒரு சின்ன முனகலோடு திறந்தது. பழுப்பு நிறப் பாகு பூசிய கோது மேசையில் உருண்டு விழுந்தது. விளக்குப் பிடித்துப் பார்த்தாள், அளந்தாள், திரும்பவும் அளந்தாள். அறையில் ஒரு கீறல் இல்லை. துடைத்துக் காய வைத்து, சோதனைக்கென்று கூடுதலாகச் செய்திருந்த முழுத் தோட்டா ஒன்றை மணல் பெட்டிக்குள் சுட்டாள். போல்ட் தானாக வழிவிட்டுத் திறந்தது.

அப்போதுதான் கிழவர் எழுந்து வந்து துவக்கை மோந்து பார்த்தார். ஏதோ சொன்னார்.

"அம்பது வருசத்தில இவ்வளவு வாசமா இது மணந்ததே இல்லையாம் அன்ரி" என்று றெபேக்கா சிரித்தாள். கிழவரும் தோள் குலுங்கச் சிரித்தார். பாலேஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜெயரட்ணம் சரியான வாளியோடும் ஒரு தட்டு லட்டோடும் வந்து சேர்ந்தார். மூடியில் கொட்டை எழுத்தில் 'வெறும் ரவை' என்று எழுதி ஒட்டியிருந்தார். மிச்சக் கோதுகள் செய்து, கழுவி, மருந்தும் குண்டும் வைத்து முடிய மாலை ஐந்தாகிவிட்டது. அதற்குள் கிழவர் ஐந்து லட்டுத் தின்றிருந்தார். இருபது தோட்டாவையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, இரவோடிரவாகப் போய்விட வேண்டுமென்று புறப்பட்டார்கள்.

சனியும் ஞாயிறும் பாலேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாணி விழாவில் எல்லோரும் லட்டைப் புகழ்ந்தார்கள். அவளுக்கு ஒன்று கூட இறங்கவில்லை. திங்கள் காலை றெபேக்கா போனில் கூப்பிட்டாள்.

"அன்ரி, மாமா மூஸைக் கண்டவர். நல்ல கிட்ட. சுட்டவர். படேல்லை."

"ஐயோ பிள்ளை, துவக்கு பிழைச்சுப் போச்சுதோ?"

"இல்லை அன்ரி! பிறகு பலகையில ஒண்டு சுட்டுப் பாத்தவர், dead centre. துவக்கு திறமாம், தோட்டா திறமாம், தன்ரை கைதான் ஆடிட்டுதாம். மூஸ் நிண்டு திரும்பிப் பாத்திட்டு நடந்து போச்சுது."

"பாவம் மனுசன். கவலைப்படுறாரோ?"

"கவலையோ? இப்ப இது கடைசி வேட்டை இல்லையாம். இனி குலுக்கல்ல விழாட்டிலும் பேர் விழுந்த ஆக்களோடை சேந்து வருசாவருசம் போவாராம். இன்னும் நாப்பது செய்து தரச் சொல்லுறார்."

"பதினெட்டு மிச்சம் இருக்கெல்லோ? வருசத்துக்கு எத்தினை சுடுவார்?"

"ரெண்டு. ஒண்டு பலகைக்கு, ஒண்டு மூஸுக்கு."

பாலேஸ்வரி மனக்கணக்குப் போட்டாள். பதினெட்டும் நாற்பதும் ஐம்பத்தெட்டு. வருடத்துக்கு இரண்டென்றால் இருபத்தொன்பது வருடம். கிழவருக்கு அப்போது நூற்றுப்பத்து வயது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"செய்து தாறன் எண்டு சொல்லும் பிள்ளை" என்றாள். "ஆனால் ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் செய்வன். அவருக்கு அவசரமில்லைத்தானே."