செகுந்தோ பிடித்த குச்சி

எங்கள் மலைச்சரிவில் மேகம் வீட்டுக்குள் வந்து போகும்; யாரும் கதவைச் சாத்துவதில்லை. காலை ஏழரை வாக்கில் அது ஒருமுறை விலகும். சில நாள் பத்து நிமிடம், சில நாள் ஒரு தும்மல் நேரம். என் தோழி ஸோய்லா உயிரோடு இருப்பதே அந்த வெயிலுக்காகத்தான் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனால் அதுதான் உண்மை.

பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் அவளுக்கு மதியச் சமையல் வேலை. விருந்தாளி ஒருவரிடம் பழைய கேமரா வாங்கி, ஆறு வருடமாக ஒரே ரீங்காரச் சிட்டின் பின்னால் அலைந்தாள். கட்டைவிரல் அளவுப் பறவை. அதன் கழுத்து நாள் முழுக்கக் கறுப்பாகவே இருக்கும். வெயில் நேராக விழுந்தால் மட்டும் ஊதாவாகப் பற்றிக்கொள்ளும். விருந்தாளிகள் நாலு பக்கமும் ஃபிளாஷ் வைத்து அரை மணியில் படம் எடுத்துவிடுவார்கள். அவளுக்கு அது ஆகவே ஆகாது.

“அது விளக்கோட நிறம், கொமாத்ரே. பறவையோடது இல்ல,” என்பாள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அந்த முறையில் கூப்பிடுவாள்.

அவள் வீட்டு முற்றத்து அலிசோ மரத்தில், தாழ்ந்த கிளை ஒன்றின் நுனியில் இருந்த மொட்டைக் குச்சிதான் அந்தச் சிட்டின் இடம். வேறெங்கும் உட்காராது. ஆனால் அந்தக் கிளையின் இலைகளே வெயிலை மறைத்தன. அவள் புருஷன் செகுந்தோ நல்லவன், அவசரக்காரன். மனைவியின் பிறந்தநாளன்று கத்தியோடு ஏறிக் கிளையையே வெட்டிவிட்டான். முற்றத்தில் வெளிச்சம் கொட்டியது. சிட்டு வந்தது, குச்சி இருந்த இடத்தில் காற்றில் நின்று தேடியது, போய்விட்டது.

“உனக்கு வெளிச்சம் கெடைக்கட்டும்னுதான் வெட்டினேன், கிழவி.”

“ஆறு வருஷமா என் பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சியே. நான் எங்க பாத்துக்கிட்டு இருக்கேன்னு ஒரு நாளாவது பாத்தியா?”

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். செகுந்தோ விறகுக் குவியலைக் கிளறி அந்தக் குச்சியைக் கண்டுபிடித்தான். மூங்கில் கழியில் கட்டி, பழைய உயரத்தில் தூக்கிப் பிடித்து, தினமும் காலையில் மரத்தடியில் நின்றான்.

“எந்தச் சாமிக்குக் கொடி புடிக்கிற?” என்று கேட்டேன்.

“என் வீட்டுச் சாமிக்கு. சத்தம் போடாத, கொமாத்ரே.”

பதினோரு நாள் சிட்டு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் மேகம் பால் போல வடிந்து விலகியது. சிட்டு வந்து உட்கார்ந்தது. செகுந்தோ தலை குனிந்தபடி நின்றான், நிமிர்ந்தால் பறந்துவிடும். கழுத்து பற்றிக்கொண்டது. அந்த ஊதாவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே ஒரு கிளிக். மேகம் மூடிவிட்டது.

“கெடைச்சுதா?” என்றான் செகுந்தோ.

“இல்ல,” என்றாள் ஸோய்லா. பன்னிரண்டு நாளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. “நாளைக்கும் நில்லு.”

பிறகு சமையலறையில் என்னிடம் காட்டினாள். ஒவ்வொரு இறகும் தெரிந்தது. “இதச் சொன்னா அவன் நாளைக்கு இங்க நிக்காம வேலைக்குக் கெளம்பிடுவான்,” என்றாள் மெதுவாக. அச்செடுத்து வந்ததும் படத்தை என் பெட்டியில், துணிகளுக்கடியில் வைத்துப் பூட்டினோம்.

நாலு வருடம் ஆகிறது. செகுந்தோ இன்னும் காலையில் கழியோடு நிற்கிறான். அவள் காப்பியோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கேமராவைப் பாதி நாள் கையில்கூட எடுப்பதில்லை.

போன மழையில் என் கூரை ஒழுகியது. செகுந்தோதான் வந்து அடைத்தான். இறங்கும்போது பெட்டியைப் பார்த்தான்.

“அதக் கொஞ்சம் தள்ளி வையி, கொமாத்ரே. படம் நனைஞ்சிடப் போகுது.”

நான் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளினேன்.

“அவகிட்ட சொல்லிடாத,” என்றான்.