வரப்பில் திரும்பிப் பார்ப்பவர்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய விருந்தினர் இல்லமொன்றில், காலாற நடப்பதற்கென்றே சென்ற ஆண்டு ஒரு வாரம் தங்கியிருந்தேன். விருந்தினர்களை நடைக்கு அழைத்துச் செல்பவர் அங்குள்ள காவலாளி. மெலிந்த, உயரமான மனிதர். வெயிலில் கறுத்த முகம், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி.

உப்புப் பாத்திகளுக்கு இடையிலான வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல முடியும். முன்னே நடக்கும் அவர் அடிக்கொரு தரம் என்னைத் திரும்பிப் பார்ப்பார். என்னைத் தள்ளாதவன் என்று எண்ணிவிட்டாரோ எனச் சினம் மூண்டது.

"ஏம்பா, நான் விழுந்துடுவேன்னு பயமா? தினமும் நடக்கிறவன் நான்."

"ஐயோ, அதில்லீங்க சார். நீங்க என்னைவிட ஸ்பீடா நடக்கறீங்க" என்று சிரித்தவர், சற்றே நின்றார். "முன்ன நானும் என் சம்சாரமும் இங்கதான் உப்பு தூக்கினோம். நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. தலையில கூடை இருந்தா திரும்பிப் பாக்க முடியாதுங்களே. அன்னிக்குக் கடுமையான வெயிலு. அம்பாரத்துல உப்பைக் கொட்டிட்டுத்தான் திரும்பினேன். அவ பாதி வரப்புலயே விழுந்து கெடந்தா. தூக்கும்போதே உசுரு இல்லீங்க."

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

நடக்கையில் பேசுவது எனக்கு அறவே பிடிக்காது. ஆயினும், என் குரல் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று, மறுநாள் முதல் வெயிலைப் பற்றியும் கொக்குகளைப் பற்றியும் ஓயாமல் பேசியபடியே பின்தொடர்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க சார்" என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பியும் பார்த்தார்.