சான்று சாரின் மீசை

“சான்று இல்லாம ஒரு கருத்து என் வாயிலேருந்து வந்தா, அன்னிக்கே இந்த மீசையை எடுத்துடறேன்.”

கல்லூரி ஆசிரியர் அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டு, எங்கள் இலக்கிய ஆசிரியர் ஒருமுறை இப்படி அறிவித்தார். பொருளாதாரம் நடத்தும் நானும், விலங்கியல்காரரும், தேநீர் கொண்டுவந்த அம்மாவும் சாட்சிகள். சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. தேநீர் எப்படி என்று அந்த அம்மா கேட்டார். இவர், “சூடு இருக்கு, சர்க்கரை சரியா இருக்கு, நிறம் இருக்கு. ஆகவே நல்லா இருக்குன்னு முடிவுக்கு வரலாம்” என்றார்.

“ஒரு டீயை நல்லா இருக்குன்னு சொல்ல இத்தனை ஊர்வலமா?” என்று விலங்கியல்காரர் கேட்கப்போய்த்தான் மீசை சபையேறியது.

அது சாதாரண மீசை அல்ல. அடர்த்தி, கருமை, இருபுறமும் சம நீளம். பார்த்துப் பார்த்துத் திருத்திய இரண்டு பத்திகள் மூக்குக்குக் கீழே அமர்ந்திருப்பது போலத் தெரியும். அதைப் பணயம் வைக்கும் மனிதரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சான்று சார். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதையைப் படித்துக் கட்டுரை எழுதக் கற்றுத்தருவது அவர் வேலை. முதல் பத்தியில் ஒரே ஒரு கருத்து. அடுத்த மூன்று பத்திகளில் மூன்று சான்றுகள், ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு வரி. கடைசிப் பத்தியில் முடிவு. ‘அருமை’, ‘அற்புதம்’ ஆகிய சொற்கள் அவர் வகுப்பில் நாடு கடத்தப்பட்டவை. ‘மனதைத் தொட்டது’ என்று எழுதியவனை எழுப்பி நிற்கவைத்து, “எந்த இடத்துல தொட்டுச்சு, எந்தக் கையால தொட்டுச்சு, அதை எழுதுப்பா” என்பார்.

வகுப்பில் யார் கருத்துச் சொன்னாலும் மற்ற அனைவரும் ஒரே குரலில் “எங்கே?” என்று கேட்க வேண்டும். சொன்னவர் புத்தகத்தில் அந்த வரியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் உட்கார வேண்டியதுதான். பக்கத்து அறையில் நான் விலைவாசி ஏறுகிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “எங்கே?” என்று கர்ஜனை வரும். என் மாணவர்கள் ஆவலோடு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்தக் கல்வியின் விளைவுகள் கல்லூரி முழுக்கப் பரவின. ஒருவன் விடுப்புக் கடிதத்தில், தனக்குக் காய்ச்சல் என்பதை மூன்று சான்றுகளோடு நிறுவி, ஆகவே வர இயலாது என முடித்திருந்தான். இன்னொருவன் ஒரு பெண்ணுக்குக் காதல் கடிதம் கொடுத்தான். மறுநாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் அவள் எழுதியிருந்தாள்: “மூன்றாம் பத்தியில் சான்று பலவீனம்.”

சிரிக்கிறோமே தவிர, அவரை மாதிரி சொல்லிக்கொடுக்க எங்களில் ஆள் கிடையாது. ஒரு பையன் கட்டுரை என்று ஒற்றை வரி நீட்டினான்: ‘கதை நன்றாக இருந்தது.’ நானாக இருந்தால் முட்டை போட்டு அனுப்பியிருப்பேன். இவர் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“எந்த வரில நின்ன?”

“நிக்கவே இல்ல சார். ஓடிட்டேன்.”

“திரும்பப் படி. எங்க மெதுவாகுதோ அங்க விரல வை.”

அவன் படித்தான். கதையில் வரும் அம்மா கதவை இரண்டு முறை பூட்டிப் பார்க்கும் இடத்தில் விரல் நின்றது.

“ஏன் அங்க?”

“எங்கம்மாவும் ரெண்டு தடவை பூட்டுவாங்க சார்.”

“எதுக்கு?”

“பயந்தான்.”

“அப்ப பயம் உன் கருத்து. பூட்டு உன் சான்று. போய் எழுதுடா ராஜா.”

அவன் எழுதினான். இன்று அவன் பத்திரிகையில் வேலை பார்க்கிறான். அவன் எழுதுவதில் இன்னும் எங்காவது ஒரு பூட்டு வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டில் ஒரு சோதனை வந்தது. அவர் மனைவி கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்க லென்ஸ் மாற்றி மாற்றி, “இது தெளிவா, இது தெளிவா?” என்று கேட்பது அவர் தொழில். அந்தத் தெரு நூலகம் ஆண்டு மலர் போடுகிறது. அதற்காக அந்த அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதை எழுதினார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஏழெட்டுத் தாள்களைக் கணவரிடம் நீட்டினார்.

“ஏங்க, சனிக்கிழமை குடுக்கணும். நல்லா இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். இல்லேன்னா கிழிச்சுப் போட்டுடறேன்.”

“எதுக்குக் கிழிக்கணும்? முறைப்படி பார்த்துச் சொல்றேன்.”

“முறை வேணாங்க. வார்த்தை போதும்.”

கதையில் ஒரு சர்வேயர். எதையும் அளந்து பேசுகிறவர். மனைவி ஆசையாகத் தோட்டம் போட்டு, “அழகா இருக்கா?” என்று கேட்டால், “பன்னிரண்டுக்கு எட்டு” என்பார். ஆனால் தினமும் காலையில் அவள் எழுவதற்கு முன் அவளுடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துவிடுவார். அவளோ அழகு என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

சான்று சார் மூன்று முறை படித்தார். ஓரத்தில் பென்சிலால் குறித்தார்: ‘சர்வேயர் பாத்திரம் நம்பும்படி இல்லை. இப்படியும் ஒரு ஆள் உலகத்தில் இருப்பானா?’

புதன்கிழமை மனைவி கேட்டார், “என்ன ஆச்சு?”

“கட்டமைப்பு பரவால்ல. பாத்திரப் படைப்புலதான்...”

“நல்லா இருக்கா?”

“அதுக்குத்தான் வர்றேன். முதல் சான்று...”

“சரி, விடுங்க. சாப்பிடுங்க” என்று மனைவி எழுந்து போய்விட்டார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சாருக்குக் கதை பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. எந்த வரியில் என்றுதான் தெரியவில்லை. விரலை வைத்துப் பார்த்தார். விரல் எல்லா வரியிலும் நின்றது. பிள்ளைகளுக்கு இருபது வருடமாகச் சொன்ன வைத்தியம் தனக்குப் பலிக்கவில்லை. சனிக்கிழமை நெருங்கியது. கிழிப்பேன் என்றால் அவர் மனைவி கிழித்துவிடுவார்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தார். வியாழக்கிழமை கதையைப் பெயரில்லாமல் படியெடுத்து வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். தனக்குக் கிடைக்காத சான்றை முப்பது பேர் தேடினால் கிடைக்காமலா போகும்?

முதல் பெஞ்சுக்காரன் எழுந்தான். “இந்த சர்வேயர் ஒரு மரக்கட்டை சார்.”

“எங்கே?” என்றது வகுப்பு.

பன்னிரண்டுக்கு எட்டைக் காட்டினான். அடுத்தவள் எழுந்தாள். “பொண்டாட்டி என்ன கேக்கறாங்கன்னே அவருக்குப் புரியல.” மறுபடி “எங்கே?” மறுபடி வரி. சான்றுகள் குற்றம் சொல்ல முடியாதவை. சார் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

“இருங்கப்பா. அடிப்படையில இப்படி ஒரு ஆள் இருப்பான்னு நம்ப முடியுதா?”

வகுப்பு மேஜைகளைப் பார்த்தது. வகுப்பு கூரையைப் பார்த்தது. கடைசியில் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது: “நம்பறோம் சார்.”

வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் ஒரு தாளோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுதியது. அந்தக் கணவன் மனைவியை நேசிக்கிறான் என்று தொடங்கி, துடைத்த கண்ணாடியைச் சான்றாக வைத்து, மூன்று பத்திகளையும் பிசகில்லாமல் கட்டிவிட்டு இப்படி முடித்திருந்தாள்: ‘ஆகவே நேசத்துக்குச் சான்றுகள் போதுமான அளவு உள்ளன. ஆனால் அவள் கேட்பது சான்று அல்ல.’

முழு மதிப்பெண் போட்டார். வேறு வழியில்லை. அவர் கற்றுத்தந்த முறைப்படி அது குறையில்லாத கட்டுரை.

பிறகு கதைத் தாள்களை என்னிடம் நீட்டினார். “படிச்சுப் பாருங்க. இந்த சர்வேயர் யாரையாவது ஞாபகப்படுத்தறாரா?”

படித்தேன். “மீசை மட்டும் இல்ல” என்றேன். “மத்தபடி அப்படியே உரிச்சு வச்சிருக்காங்க.”

“நான் கண்ணாடி துடைக்கிறது அவளுக்குத் தெரியுமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு பென்சில் குறிப்பைத் தேடிப் பிடித்து ரப்பரால் அழித்தார். தாள் கிழிந்துவிடுமோ என்று பயந்தேன்.

அன்று மாலை என் கண்ணாடிக்குக் கால் ஒடிந்திருந்ததால் நானும் அவர் மனைவி வேலை பார்க்கும் கடையில் இருந்தேன். கடை மூடும் நேரம். சான்று சார் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல, பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மனைவி அவரை ஒரு கணம் பார்த்தார். லென்ஸ் மாட்டும் கனத்த வட்டச் சட்டத்தை எடுத்து அவர் மூக்கில் ஏற்றினார்.

“இது தெளிவா, இது தெளிவா?”

“முதல்ல போட்டது.”

“பாத்தீங்களா? என்கிட்ட வர்றவங்க எல்லாம் இப்படித்தான் சொல்றாங்க. ஏன், எதுக்குன்னு நான் கேக்கறதே இல்ல. கண்ணாடி சரியாத்தான் போகுது.”

அவர் அந்தச் சட்டத்தோடு, ஒரு கண் மறைந்த நிலையில், நேராக எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உன் கதை நல்லா இருக்கு.”

மனைவியின் கையில் லென்ஸ் அப்படியே நின்றது.

“எங்கே?”

“தெரியல.”

கடைக்காரர் ஷட்டர் பாதியை இறக்கினார். மனைவி லென்ஸ்களைப் பெட்டியில் அதனதன் குழியில் வைத்தார், நிதானமாக. பிறகு குனிந்து, அவர் முகத்திலிருந்து சட்டத்தைக் கழற்றினார்.

“உங்களுக்குப் பவர் மாறல” என்றார். “எழுந்திரிங்க. வீட்டுக்குப் போகலாம். காலையில நூலகத்துக்குப் போகணும்.”

என் கண்ணாடிக் காலை இருவருமே மறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விலைவாசி நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் நாற்காலிகள் நகரும் சத்தம், சார் உள்ளே வருவதற்கு எழுந்து நிற்கும் சத்தம். பிறகு நெடிய அமைதி. அப்புறம் முப்பது குரல்களும் ஒன்றாக, கொஞ்சம் தயங்கி, கேட்டன:

“எங்கே?”

நான் வெளியே வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே வெறுமையான, வெளிறிய ஒரு பட்டை. அவர் வலது கை பழக்கதோஷத்தில் அங்கே போய், ஒன்றும் அகப்படாமல் கீழே இறங்கியது.

“உக்காருங்க” என்றார் சான்று சார். புத்தகத்தைப் பிரித்தார். “போன வாரம் எந்த வரில நின்னோம்?”