ஒரே டப்பா, வேறு சிப்

கம்ப்யூட்டர் திரையில், செருகிய கருவி வேலை செய்யவில்லை என்று காட்டும் அந்த மஞ்சள் ஆச்சரியக்குறி தோன்றியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பயந்தால் முதலில் சிரிப்பேன், வேர்ப்பதெல்லாம் பிறகுதான். பெருமாநல்லூர் சாலையில் ஒரு பனியன் கம்பெனி. பெட்டிகளை எடை போடும் தராசுகளின் பழைய சீரியல் கேபிளை, கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் செருகுவதற்கான கன்வர்ட்டர்கள் பன்னிரண்டு செய்து கொடுத்திருந்தேன்.

அந்த ஆர்டரை வாங்கித் தந்தவர் க்யூ.சி. அக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, அந்தக் கம்பெனியில் தர ஆய்வுக்கே பொறுப்பானவர். பனியனுக்குச் செய்வதுபோலவே என் முதல் கன்வர்ட்டரையும் சோதித்து, கவரில் போட்டு, கையெழுத்திட்டு சீல் வைத்தார். "பல்க்கும் இதே மாதிரி வரணும் தம்பி. நூல் மாறுனாலும் கண்டுபிடிச்சிருவேன்."

"இதுல நூலே இல்லையே அக்கா" என்றேன், பெரிய ஹாஸ்யக்காரனாக.

சாம்பிளில் நல்ல சிப். பல்க்கில், அதாவது மொத்தமாகக் கொடுத்த பன்னிரண்டில், மலிவு சிப். வெளியே ஒரே டப்பா. என் பழைய கம்ப்யூட்டரில் இரண்டுமே ஓடின, யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த ஆண்டு முதலாளி கம்ப்யூட்டர்களை மாற்றினார். புதிய விண்டோஸில் சிப்பை ஓட்டும் டிரைவர் மென்பொருளை மலிவு சிப்காரர்கள் எழுதவே இல்லை. லாரி வாசலில் நிற்கிறது. எடை ஸ்டிக்கர் ஒன்றுகூட வரவில்லை. பழைய டிரைவர் சி.டி.யைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் போட்டேன். சட்டைதான் அழுக்கானது.

அக்கா அலமாரியைத் திறந்து, தான் சீல் வைத்த கவரைக் கிழித்து, சாம்பிளைச் செருகினார். எடை வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். "மேல ஒரே டப்பா. உள்ள வேறயா தம்பி?"

அதற்குள் முதலாளியின் செருப்புச் சத்தம். கேபிளைச் சோதிப்பதாக மேசைக்கடியில் புகுந்தேன். அங்கே சோதிக்க ஒன்றுமில்லை.

"ஏனுங்க, இதை யாருங்க ஓக்கே பண்ணுனது?"

"நான்தாங்க."

"அப்பறம் என்னத்தைங்க செக் பண்ணுனீங்க?"

பதில் சொல்ல வேண்டியவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரே சாம்பிளை வைத்துப் பெட்டிகளை எடை போட்டு, மாலையில் லாரியை அனுப்பினார்கள். மறுவாரம் பன்னிரண்டிலும் நல்ல சிப் போட்டு எடுத்துப் போனபோது, க்யூ.சி. மேசையில் வேறொருவர் இருந்தார். அக்கா பேக்கிங்கில் நின்று அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். என் ஆர்டர் மட்டும் என்னிடமே இருந்தது.

இன்றும் நண்பர்களிடம் இதைத் தமாஷாகத்தான் சொல்கிறேன். மேசைக்கடியில் புகுந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அத்தோடு நிறுத்திக்கொள்வேன்.